உங்கள் வாசலில் ஒருவர் சறுக்கி விழுந்தால்

ஸ்காபரோவை விட்டு ஒஷாவாவில் வீடு வாங்கி வந்த முதல் குளிர்காலத்தில், பின்தெருவில் இருக்கும் ஒரு அண்ணை என்னைக் கூப்பிட்டு எச்சரித்தார். "தம்பி, முன் நடைபாதையில கை வைக்காதேங்கோ. நீங்கள் ஸ்நோ வழிச்ச இடத்தில ஆரும் விழுந்தா உங்களிலதான் கேஸ் வரும். சும்மா விட்டா அது சிற்றியின்ர பாடு." சொல்லும்போது அவர் நின்ற இடம் அவருடைய சொந்த டிரைவ்வே. கூரைத் தண்ணீர் குழாய்வழியே இறங்கி, அவருடைய காலடியில் ஒரு கண்ணாடிப் பட்டை போல உறைந்து கிடந்தது. வழக்கு வருவதென்றால் அந்த இடத்தில்தான் வரும். அதை அவருக்குச் சொல்ல எனக்கு அப்போது தெரியாது.

பிறகு தெரிந்துகொண்டதை, செய்யவேண்டிய ஒழுங்கில் கீழே எழுதுகிறேன். ஒரு வழக்கு உண்மையிலேயே வந்துவிட்டால் லோயரிடம்தான் போகவேண்டும். அந்த நிலைமை வராமல் பார்ப்பதற்கும், வந்தால் கையில் ஆதாரத்தோடு நிற்பதற்கும் இது போதும்.

முதலில் எல்லைக்கோட்டைக் கண்டுபிடியுங்கள்

வீடு வாங்கியபோது லோயர் தந்த தடித்த கட்டைத் தேடி எடுங்கள். அதற்குள் சேர்வே வரைபடம் இருந்தால், உங்கள் காணி எந்த இடத்தில் முடிகிறது என்று பாருங்கள். பெரும்பாலான புறநகர் வீடுகளில் கோடு நடைபாதைக்கு உள்பக்கமாக, வீட்டுப் பக்கத்தில், போகும். நடைபாதையும், அதற்கும் வீதிக்கும் இடையிலுள்ள புல்லும், டிரைவ்வே வீதியில் போய் முட்டும் அந்த வாய்ப்பகுதியும் நகரத்தின் நிலம். புல்லை நாங்கள்தான் வெட்டுகிறோம், தார் போட்டதும் எங்கள் காசு. ஆனாலும் அது எங்கள் காணி இல்லை.

கோட்டுக்கு உள்ளே, அதாவது டிரைவ்வே, முன்வாசலுக்குப் போகும் பாதை, படிகள், பேஸ்மென்ற் கதவுக்குப் போகும் பக்கவழி எல்லாவற்றிலும், ஒன்ராறியோவின் 'இருப்பாளர் பொறுப்புச் சட்டம்' உங்களைப் பிடிக்கிறது. அங்கே கால் வைக்கும் எவரும் பத்திரமாக வந்துபோக நீங்கள் நியாயமான கவனம் எடுத்திருக்கவேண்டும். தபால்காரர், பீட்சா கொண்டுவரும் பொடியன், பார்சலை வைத்துவிட்டு ஓடுகிறவர், பொங்கலுக்கு வரும் மாமி என்று எல்லோரும் இதில் அடக்கம். நியாயமான கவனம் என்றால் ஒரு துளி ஐஸ்கூட இருக்கக்கூடாது என்று பொருளில்லை. இந்த நாட்டில் அது நடக்காது என்று நீதிபதிக்கும் தெரியும். உங்களிடம் ஒழுங்கான ஒரு பழக்கம் இருந்ததா, அன்றைக்கு அதைச் செய்தீர்களா என்பதுதான் கேள்வி.

கோட்டுக்கு வெளியே கதை வேறு. வோன் நகரில் ஒரு வீட்டின் முன் நடைபாதையில் ஒருவர் விழுந்த வழக்கில் வீட்டுக்காரரும் இழுக்கப்பட்டார். 2000ஆம் ஆண்டில் ஒன்ராறியோ மேன்முறையீட்டு நீதிமன்றம் அதற்குச் சொன்ன பதில் இன்றுவரை அடிப்படை. பொது நடைபாதையைப் பராமரிப்பது நகரத்தின் கடமை. பக்கத்து வீட்டுக்காரர் பனியை அகற்றவேண்டும் என்று நகரசபை விதி இருந்தாலும், அந்த விதியால் மட்டும் விழுந்தவருக்கு அவர் நட்டஈடு கொடுக்கவேண்டியவர் ஆகமாட்டார். 2021இலும் அதே நீதிமன்றம் அதே நிலைப்பாட்டில்தான் நின்றது.

இரண்டு விதிவிலக்குகள் இருக்கின்றன. ஒன்று, நடைபாதையை உங்கள் சொந்த இடம்போல நீங்கள் கையாண்டால். கடைக்காரர் அதில் சாமான் அடுக்கி வியாபாரம் செய்வதை நினைத்துப் பாருங்கள். சாதாரண வீட்டுக்காரருக்கு இது அரிது. மற்றது வீட்டுக்காரரைத்தான் குறிவைக்கிறது: உங்கள் காணியிலிருந்து ஓர் ஆபத்து வழிந்து நடைபாதைக்குப் போனால். கூரைக் குழாய்த் தண்ணீர் நடைபாதையில் ஓடி உறைவது இதற்குச் சரியான உதாரணம்.

ஆக, அண்ணை பயப்பட்டதுபோல நடைபாதையை வழித்ததாலேயே நீங்கள் அதற்குச் சொந்தக்காரர் ஆகிவிடமாட்டீர்கள். வழிக்காமல் விடுவதும் பாதுகாப்பு அல்ல. நகரசபைக்குக் கட்டும் தண்டம் வேறு, விழுந்தவருக்குக் கட்டும் நட்டஈடு வேறு. வழிக்கவேண்டிய கடமை விதியில் உங்களுக்கு இருந்து நீங்கள் செய்யாவிட்டால், நகரம் ஆள் வைத்துச் செய்துவிட்டுச் செலவை உங்கள் வீட்டு வரியில் சேர்க்க நகராட்சிச் சட்டம் இடம் கொடுக்கிறது.

நகரத்தைக் கூப்பிட்டுக் கேளுங்கள்

ஸ்காபரோவில் நெடுங்காலமாக நகரத்தின் சின்ன இயந்திரம் நடைபாதையில் வந்து தள்ளிவிட்டுப் போகும். அதே நினைப்போடு கிழக்கே வந்தவர்கள் நாங்கள். ஏஜாக்ஸ், விற்பி, ஒஷாவா என்று ஒவ்வொரு நகரத்துக்கும் தனி விதி. விற்பியில் இருக்கும் மச்சான் சொன்னதை நம்பி ஒஷாவாவில் நடக்காதீர்கள்.

ஒஷாவா நகரசபையின் பொது இலக்கம் 905-436-3311. உங்கள் முகவரியைச் சொல்லி மூன்று விஷயம் கேளுங்கள்: என் வீட்டு முன் நடைபாதையை வழிப்பது நகரமா நானா? பனி நின்றபின் எத்தனை மணித்தியாலத்துக்குள்? வீட்டில் வயதானவர் அல்லது நடமாட முடியாதவர் மட்டும் இருந்தால் உதவித் திட்டம் உண்டா? யார், எந்தத் திகதியில் பதில் சொன்னார் என்று குறித்துவையுங்கள். வீதி ஓர அகலம், மூலை வீடு என்று இடத்துக்கு இடம் பதில் மாறலாம். மூலை வீடு வாங்கியவர்கள் இரண்டு பக்கத்தையும் கேட்கவேண்டும், பாவம்.

தீபாவளி முடிந்த வாரத்தில் தண்ணீர் போகும் வழியைப் பாருங்கள்

ஸ்நோ விழுந்தபின் செய்யும் வேலையைவிட விழமுன் செய்யும் வேலை பெறுமதியானது. ஏனென்றால் மனிதரைக் கூடுதலாக விழுத்துவது கண்ணுக்குத் தெரியும் வெள்ளை ஸ்நோ அல்ல. பகலில் பூச்சியத்துக்கு மேலே போய் உருகி, இரவில் மறுபடி உறைந்து, தார் நிறத்திலேயே கிடக்கும் கறுப்பு ஐஸ்தான். ஒன்ராறியோ ஏரிக்கரையில் இருக்கும் ஒஷாவாவில் வெப்பநிலை பூச்சியத்தின் மேலும் கீழுமாக ஆடும் நாட்கள் ஒரு குளிர்காலத்தில் நிறைய வரும்.

நவம்பரில் ஒரு மழை நாளாகப் பார்த்துக் குடையோடு வெளியே வந்து நில்லுங்கள். கூரைக் குழாய் எங்கே வாய் திறக்கிறது? அந்தத் தண்ணீர் டிரைவ்வேயைக் குறுக்கறுத்து ஓடுகிறதா? நடைபாதைக்குப் போகிறதா? பேஸ்மென்ற் சம்ப் பம்பின் குழாய் எங்கே துப்புகிறது? இருபது, முப்பது டொலருக்கு வாங்கும் ஒரு நீட்டுக் குழாயைப் பொருத்தித் தண்ணீரைப் புல்லுக்குத் திருப்பிவிட்டால், மேலே சொன்ன இரண்டாவது விதிவிலக்கின் ஆபத்தில் பெரும்பகுதி உங்களுக்கு இல்லாமல் போகும். பள்ளமாகிப்போன இன்ரலொக் கல்லில் தண்ணீர் தேங்குகிறதா என்றும் அப்போதே தெரியும்.

படியின் கைப்பிடி ஆடுகிறதா பாருங்கள். வாசல் விளக்கை ஐந்து மணிக்கே எரிய வையுங்கள். டிசம்பரில் அந்த நேரம் இருட்டு.

வழித்த ஸ்நோவை எங்கே குவிப்பது என்றும் இப்போதே தீர்மானியுங்கள். டிரைவ்வேயின் மேட்டுப் பக்கத்தில் குவித்தால் பகலில் அது உருகி டிரைவ்வேக்கே திரும்பி வரும். பள்ளமான பக்கத்தில் புல்லின்மேல் போடுங்கள். வீதிக்குத் தள்ளிவிடுவது நெடுஞ்சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி குற்றம். பிளவ் வண்டி வாசலில் மேடு கட்டிவிட்டுப் போன கோபத்தில் அதைத் திரும்ப வீதிக்கே எறியும் ஆசை எல்லோருக்கும் வரும். எனக்கும் வந்திருக்கிறது.

ஸ்நோ விழும் நாளில்

ஆட்கள் நடக்கும் தடத்தை முதலில் திறவுங்கள்: கதவிலிருந்து படி, படியிலிருந்து பாதை, பாதையிலிருந்து நடைபாதை. காரை எடுப்பதற்கான அகலம் பிறகு. 2022 ஜனவரி 17, 2025 பிப்ரவரி போன்ற பெரும் பனிப்புயல்களில் எல்லாம் முடியட்டும் என்று காத்திருக்காமல், சில மணிக்கொருமுறை அந்த ஒற்றைத் தடத்தை மட்டும் வழித்துக்கொண்டிருந்தால் போதும். நெஞ்சுவருத்தம் உள்ளவர்கள் ஷவலைத் தொடவேண்டாம். பக்கத்து வீட்டுப் பொடியனுக்கு இருபது டொலர் கொடுப்பது எவ்வளவோ மலிவு.

உப்பைப் பற்றி ஒரு தவறான நம்பிக்கை உண்டு, அதிகம் கொட்டினால் அதிகம் உருகும் என்று. சாதாரணக் கல்லுப்பு மைனஸ் 10 பாகைக்குக் கீழே மிக மந்தமாகத்தான் வேலை செய்யும். அந்த நாட்களில் கல்சியம் குளோரைட் கலந்த பை வேண்டும், அல்லது மணல். மணல் எதையும் உருக்காது, ஆனால் கால் பிடிக்கும். சட்டத்தின் கண்ணில் அதுவும் கவனம்தான். உப்பைக் கல்லுக்குக் கல் இடைவெளி விட்டுத் தூவினால் போதும். குவியலாகக் கொட்டியது படியின் கொங்கிறீற்றைத் தின்றுவிட்டு, கால்வாய்வழியே ஒஷாவா கிறீக்குக்கும் அங்கிருந்து ஏரிக்கும் போகும். புதிதாகப் போட்ட கொங்கிறீற்றுக்கு முதல் குளிர்காலத்தில் உப்பே வேண்டாம்.

சுடுதண்ணீர் ஊற்றாதீர்கள். ஊரில் வாசல் கழுவிய பழக்கத்தில் ஒரு கேத்தல் தண்ணீரைக் கொண்டுவந்து ஊற்றுவதைப் பார்த்திருக்கிறேன். அரை மணியில் முன்பிருந்ததைவிட மினுக்கமான ஐஸ் அங்கே இருக்கும். தைப்பொங்கல் ஜனவரி நடுவில், குளிர் உச்சத்தில் வருகிறது. கராஜ் வாசலில் அடுப்பு வைத்துப் பொங்குகிறவர்கள், பானை கழுவிய தண்ணீரையும் கோலத்துக்குத் தெளித்த தண்ணீரையும் நினைவில் வைத்திருங்கள். பட்டுச் சேலையும் மெல்லிய செருப்புமாகக் காரிலிருந்து இறங்குகிற அம்மம்மா அதில்தான் கால் வைப்பார். விருந்தாளி வரும் நாளில் காலையில் ஒருமுறை, அவர்கள் திரும்பிப்போகும் நேரத்துக்கு முன் இன்னொருமுறை உப்புப் போடுங்கள். வரும்போது ஈரமாக இருந்தது, போகும்போது உறைந்திருக்கும்.

கலண்டரில் எழுதுங்கள்

இது சின்ன வேலை. வழக்கில் பெரிய வேலை செய்யும். குசினிச் சுவரில் தமிழ்க்கடை தந்த கலண்டர் தொங்குமே, அதன் கட்டத்தில் "6.30 வழித்தது, உப்பு. 5.15 திரும்ப உப்பு" என்று எழுதுங்கள். போனில் ஒரு படமும் எடுங்கள், திகதி தானாகவே பதிவாகும். உப்பு வாங்கிய ரசீதை ஒரு உறைக்குள் போடுங்கள். பெரும்பாலும் விழுந்து பல வாரம் கழித்துத்தான் கடிதம் வரும், கேள்வி கேட்பது இரண்டு, மூன்று வருடம் கழித்து. "அன்றைக்கு நான் செய்திருப்பேன்" என்று அப்போது சொல்வதற்கும் கலண்டரை எடுத்துக் காட்டுவதற்கும் மலைக்கும் மடுவுக்குமுள்ள வித்தியாசம். வருடம் முடிந்ததும் கலண்டரை எறிந்துவிடாதீர்கள்.

பேஸ்மென்றை வாடகைக்குக் கொடுத்திருந்தால்

டேரம் கல்லூரியும் ஒன்ராறியோ ரெக் பல்கலைக்கழகமும் இருக்கும் ஒஷாவாவில், கீழ்த்தளத்தில் மாணவர்கள் இருக்கும் தமிழ் வீடுகள் ஏராளம். "பக்கவழி ஸ்நோவை நீங்கள்தான் வழிக்கவேணும்" என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதிவிட்டு நிம்மதியாக இருக்கிறவர்களும் ஏராளம். அந்த வரி உங்களைக் காப்பாற்றாது.

பேஸ்மென்ற் வாடகைக்காரர் ஒருவர் தன் வழியில் உறைபனியில் விழுந்த வழக்கில், ஒன்ராறியோ மேன்முறையீட்டு நீதிமன்றம் 2009இல் இதைத் தெளிவாகச் சொன்னது. பொதுவழியில் பாதுகாப்பற்ற பனியை அகற்றுவது சட்டப்படி வீட்டுக்காரரின் கடமை. வாடகை ஒப்பந்தத்தில் ஒரு பிரிவாக எழுதி அந்தக் கடமையை வாடகைக்காரர் தலையில் கட்ட முடியாது. அவரைக்கொண்டே செய்விக்க விரும்பினால், வாடகையிலிருந்து பிரித்து நிற்கக்கூடிய தனி ஒப்பந்தம் வேண்டும்: என்ன வேலை, எப்போது, அதற்கு என்ன கூலி. அப்படிச் செய்தாலும் வேலை நடக்கிறதா என்று பார்ப்பது உங்கள் பாடு. என் அபிப்பிராயத்தில், பரீட்சைக் காலத்தில் விடிய விடிய விழித்திருக்கும் பிள்ளையை நம்புவதைவிட நீங்களே பக்கவழியையும் சேர்த்து வழித்துவிடுவது சுகம்.

ஆள் பிடித்துச் செய்தால்

கொன்ராக்ரரின் பிழைக்கு வீட்டுக்காரர் எப்போதும் பொறுப்பாவதில்லை. ஆனால் தகுதியான ஆளைப் பார்த்துப் பிடித்தீர்களா, வேலை ஒழுங்காக நடந்ததா என்று கவனித்தீர்களா என்று சட்டம் கேட்கும். ஆகையால் வாய்ப்பேச்சில் முடிக்காதீர்கள். எத்தனை சென்ரிமீற்றருக்கு வருவார், உப்புப் போடுவாரா அல்லது வெறுமனே தள்ளுவாரா, படியும் பாதையும் அடக்கமா என்று ஒரு தாளில் இருக்கட்டும். மலிவான ஒப்பந்தங்களில் பல டிரைவ்வேயை மட்டும்தான் சொல்லும்; ஆள் விழுவது படியில். அவருடைய பொறுப்புக் காப்புறுதிச் சான்றின் பிரதியையும் கேட்டு வாங்குங்கள். தரத் தயங்குகிறவரை விட்டுவிடுங்கள்.

காப்புறுதிக்காரரிடம் உண்மையைச் சொல்லுங்கள்

வீட்டுக் காப்புறுதிப் பத்திரத்தில் தனிப்பட்ட பொறுப்பு என்ற பகுதி இருக்கும். பொதுவாக 10 இலட்சம் அல்லது 20 இலட்சம் டொலர். வழக்கு வந்தால் உங்களுக்காக லோயர் வைத்து வாதாடுவதும் அதற்குள் அடங்கும். இருபது இலட்சத்துக்கு உயர்த்த ஆகும் மேலதிகச் செலவு பெரும்பாலும் சிறியது, விசாரித்துப் பாருங்கள். பேஸ்மென்றில் ஆள் இருக்கிறது, அறை வாடகைக்கு விட்டிருக்கிறது, வீட்டில் பிள்ளை பராமரிப்பு அல்லது தையல் நடக்கிறது என்றால் மறைக்காதீர்கள். கட்டணம் கூடும் என்று மறைத்த விஷயத்தைக் காட்டியே அவர்கள் கைவிரிக்கலாம்.

ஒருவர் விழுந்துவிட்டால்

முதலில் மனிதர். தலை அடிபட்டிருந்தால், இடுப்பு நோகிறதென்றால் தூக்கி நிறுத்தாதீர்கள். போர்வையால் போர்த்துவிட்டு 911ஐக் கூப்பிடுங்கள்.

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ" என்று வாயில் வந்தால் அதை விழுங்கவேண்டாம். ஒன்ராறியோவின் 2009ஆம் ஆண்டு மன்னிப்புச் சட்டப்படி, வருத்தம் தெரிவித்ததைக் குற்றத்தை ஒப்புக்கொண்டதாக நீதிமன்றத்தில் எடுக்க முடியாது. ஆனால் அந்த இடத்தில் நின்றுகொண்டு காரணம் ஆராய்வதும், "ஆஸ்பத்திரிச் செலவெல்லாம் நான் பார்க்கிறன்" என்று வாக்குக் கொடுப்பதும் வேண்டாம். காப்புறுதி நிறுவனத்தைக் கேட்காமல் கொடுத்த வாக்கு உங்களுக்கே வினையாகும்.

அவர் போனபின், உப்புப் போடுவதற்கு முன் படம் எடுங்கள். விழுந்த இடம், விளக்கு, கைப்பிடி, முடிந்தால், அவர் போகமுன்பே, அவர் போட்டிருந்த பாதணி. தேய்ந்த ஓட்டச் சப்பாத்தோடு வந்திருந்தால் பொறுப்பில் ஒரு பங்கு அவருக்கும் போகலாம். கதவு மணிக் கமெரா பழைய பதிவை அழித்துவிடும், அன்றைக்கே இறக்கி வையுங்கள். அதே நாளில் காப்புறுதிக்காரருக்கு அறிவியுங்கள்.

பிறகு பதிவுத் தபால் வரலாம். 2021 ஜனவரி 29 முதல், தனியார் காணியில் பனியாலோ ஐஸாலோ காயப்பட்டவர் 60 நாளுக்குள் எழுத்தில் அறிவிக்கவேண்டும் என்பது சட்டம்: திகதி, நேரம், இடம் மூன்றும் அதில் இருக்கவேண்டும். அறிவித்தல் உங்களுக்கு வந்தால் அதன் பிரதியை உங்கள் ஸ்நோ கொன்ராக்ரருக்கு நேரிலோ பதிவுத் தபாலிலோ சேர்ப்பது உங்கள் கடமை. மூலக் கடிதத்தையும் உறையையும் காப்புறுதிக்காரரிடம் கொடுங்கள். நீங்களாகப் பதில் எழுதவேண்டாம். 60 நாள் கடந்து வந்தது என்று மேசைக்குள் போட்டுவிடவும் வேண்டாம். நியாயமான காரணம் இருந்து, தாமதத்தால் உங்களுக்குப் பாதிப்பும் இல்லையென்றால் நீதிமன்றம் வழக்கை விடலாம்.

விழுந்தது நீங்கள் என்றால்

தனியார் காணி என்றால் மேலே சொன்ன 60 நாள். நகரத்தின் நடைபாதை என்றால் வெறும் 10 நாள். இடுப்பெலும்பு முறிந்து லேக்றிட்ஜ் மருத்துவமனையில் படுத்திருக்கும்போதே பத்து நாளும் ஓடிவிடும், எனவே பிள்ளைகளில் ஒருவர் இந்த வேலையைக் கையில் எடுக்கவேண்டும். நகரச் செயலாளருக்கு, 50 சென்ரர் வீதி தெற்கு என்ற நகரமண்டப முகவரிக்கு, பதிவுத் தபாலில் கடிதம்: எந்த நாள், எத்தனை மணி, எந்த இலக்க வீட்டுக்கு முன், என்ன காயம். சிம்கோ, ரோன்ரன், ரிற்சன் போன்ற வீதிகள் டேரம் பிராந்தியத்தின் பெயரில் இருப்பவை. அங்கே விழுந்தால் விற்பியில் 605 ரொஸ்லண்ட் வீதி கிழக்கிலுள்ள பிராந்தியச் செயலாளருக்கும் இன்னொரு பிரதி அனுப்புங்கள். யாருடைய பொறுப்பு என்று அவர்கள் பேசித் தீர்க்கட்டும்.

கடிதம் போனாலும் நகரத்தை வெல்வது கடினம். நடைபாதைப் பனிக்கு நகரம் பொறுப்பாவது பாரதூரமான கவனயீனம் இருந்தால் மட்டுமே. மாகாண விதிப்படி, நடைபாதையில் ஸ்நோ 8 சென்ரிமீற்றரைத் தாண்டினால் அது விழுந்து நின்றதிலிருந்து 48 மணித்தியாலம் அவர்களுக்கு அவகாசம் உண்டு. வழக்குப் போட மொத்தமாக இரண்டு வருடம் இருக்கிறது, ஆனால் அறிவித்தலுக்கு அந்தத் தாராளம் கிடையாது.

அன்று போட்டிருந்த பூட்ஸைக் கழுவவேண்டாம், திரும்பப் போட்டு நடக்கவும் வேண்டாம். ஒரு பையில் கட்டி, திகதியை எழுதி, கராஜ் தட்டில் ஏற்றி வையுங்கள்.